பூட்டியிருந்த கைப்பிடி

கைப்பிடி பூட்டியிருந்தது. அதை நான்தான் என் கையால் இழுத்துத் திறந்துவிட்டேன், பொலிஸ் வருவதற்கு முன்பு, ஒருவரும் என்னைப் பார்க்காத நேரத்தில். பிறகு விசாரணையில் போய், "கைப்பிடி திறந்து கிடந்தது. சாரதி பூட்ட மறந்திருக்கிறார்" என்று சொன்னேன். நான் ஒரு சிமெந்துத் தொழிற்சாலையின் வாகனப் பகுதிக்குப் பொறியியலாளர். நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. சாரதியும் மறுக்கவில்லை.

அது எழுபதுகளின் தொடக்கம். இலங்கையின் வடக்கில், சுண்ணாம்புக்கல் ஏற்றும் ட்ரெயிலர் வண்டிகள் எங்களிடம் இருந்தன. முன்னால் இழுக்கும் லொறியையும் பின்னால் வரும் ட்ரெயிலரையும் இணைப்பது லொறியின் முதுகில் கிடக்கும் ஓர் இரும்புத் தட்டு. ஆங்கிலத்தில் அதை ஐந்தாம் சக்கரம் என்பார்கள், அது உருளுவதில்லை என்றாலும். ட்ரெயிலரின் மூக்குக்குக் கீழே நீண்டிருக்கும் தடித்த முளை அந்தத் தட்டின் நடுவிலுள்ள தாடைக்குள் வந்து விழும். கைப்பிடியைத் தள்ளினால் தாடை முளையைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். எங்கள் சாரதிமார் அதைக் கொழுவி என்பார்கள்.

சவிரிமுத்து என்ற சாரதி தன் வண்டியின் தாடை தேய்ந்து ஆடுகிறது என்று என்னிடம் வந்து சொன்னார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், தேவையில்லாமல் வாய் திறக்காதவர். "ஓடும், பிறகு பார்ப்பம்" என்றேன். எனக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. புதிய தாடைக்கு எழுதிப்போடக்கூட மனம் வரவில்லை. சில நாட்களில், ஒரு பாலத்து ஏற்றத்தில், ட்ரெயிலர் கழன்று பின்னால் உருண்டு கவிழ்ந்தது. கல்லின் மேல் உட்கார்ந்து வந்த உதவியாள் லம்பேட் அதன் கீழே போய்விட்டான். சவிரிமுத்து ஆட்களைக் கூட்டிவர ஓடினார்; பின்னால் ஜீப்பில் வந்த நான்தான் முதலில் லம்பேட்டிடம் போய்ச் சேர்ந்தேன். லம்பேட், சவிரிமுத்துவின் மனைவியின் தம்பி.

நான் இங்கிலாந்து போனேன். படித்தேன். திரும்பி வந்து பெரிய பதவிகளில் இருந்தேன். சவிரிமுத்துவுக்கு வேலை போயிற்று. விசாரணையின் முடிவில், "களைப்பில் நேர்ந்த பிசகு, தண்டிக்க வேண்டாம்" என்று அவருக்காக ஒரு வார்த்தையும் சொல்லியிருந்தேன். என் மனச்சாட்சியை அடக்கச் சொன்ன வார்த்தை அது. அதற்காக அவர் எனக்கு நன்றியோடு இருந்தார். இந்தப் பயணத்துக்குக் காரணமே அந்த நன்றிதான்.

தொண்ணூறுகளின் நடுவில், மனைவி இறந்தபின், சுவிற்சர்லாந்தில் பாடன் நகரில் இருக்கும் மகனிடம் போயிருந்தேன். அவனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், அடுக்குமாடி வீட்டில் நானும் குளிர்பெட்டியின் உறுமலும்தான். ஒரு காலை தொலைபேசி அடித்தது.

"ஐயா, நான் சவிரிமுத்து. டிரைவர் சவிரிமுத்து. ஞாபகம் இருக்கோ? தமிழ்க் கடையிலை சொல்லிச்சினம், எஞ்சினியர் ஐயா வந்து நிக்கிறார் எண்டு. நான் இஞ்சை ஓல்டனிலை."

ஞாபகம் இருக்கிறது என்றேன். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

அவருக்கு ஓர் உதவி வேண்டியிருந்தது. பகலில் ஒரு பொருட்கிடங்கில் வேலை. அதோடு, சில்பி எனப்படும் ஊர்த் திருவிழாக்களில் உணவு விற்கும் ஒரு சமையல் ட்ரெயிலரை வாங்கியிருக்கிறார். அது மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கும் ரகம். வண்டியின் முதுகில்தான் ஏற்றிக் கொழுவ வேண்டும். அதை இழுக்க, விவசாயி ஒருவரிடமிருந்து ஒரு பழைய அமெரிக்க பிக்கப்பும் வாங்கியாயிற்று.

"மாப்பிளையும் இருக்கு, பொம்பிளையும் இருக்கு ஐயா. தாலிதான் இல்லை. அந்தக் கொழுவியையும் அது இருக்கிற சட்டங்களையும் நீங்கள்தான் பாத்து எடுத்துத் தரவேணும். வாற சனிக்கிழமை மாதா கோயிலுக்குத் தமிழ்ச் சனம் எல்லாம் திரளும். முதல் யாவாரம் அங்கைதான்."

வேறு ஆள் இல்லையா என்று கேட்டேன். "நீங்கள் இருக்கேக்கை வேறை ஆள் என்னத்துக்கு?" என்றார்.

*

சுவிஸ் ரயிலைப் பற்றி மகன் சொல்லியனுப்பியிருந்தது ஒன்றுதான்: அது யாருக்காகவும் நிற்காது, யாரையும் விட்டுவிட்டும் போகாது. எதிரே இரண்டு மூதாட்டிகள். ஒருத்தி மடியில் நாய். பரிசோதகர் வந்து நாயின் சீட்டையும் பார்த்தார். எங்கள் யாழ்தேவியில் ஆடு ஏறினாலும் கேட்பாரில்லை என்று எண்ணிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

ஓல்டன் வந்தது. பெயரைப் படித்தேன். மேடையில் சவிரிமுத்து நிற்பதையும் கண்டேன். தலை நரைத்திருந்தது, தோள் மட்டும் அப்படியே இருந்தது. நான் எழவில்லை. கதவு மூடிக்கொண்டது. பேர்ன் வரை போய், வேறு ரயிலில் திரும்பி வந்தேன்.

"நித்திரையாப் போனன்" என்றேன் அவரிடம்.

"வயசு ஐயா, வயசு" என்று என் பையை வாங்கிக்கொண்டார். நித்திரை என்று நான் சொன்னதும் பொய்தான் என்று இப்போது எழுதிவைக்கிறேன்.

நிலையத்துக்கு அவருடைய மனைவி திரேசம்மாவும் வந்திருந்தார். மெலிந்த, நிமிர்ந்த பெண். முதியோர் இல்லத்தில் வேலை. "ஐயா சுகமா இருக்கிறீங்களோ" என்று கேட்டுவிட்டு, பிக்கப்பில் நாங்கள் ஏறியதும் கையசைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. முன் இருக்கையோ மூன்று பேர் உட்காரக்கூடிய நீளம்.

"அவ வரேல்லையோ?" என்றேன்.

"அவ பஸ்ஸிலை வருவா" என்றார் சவிரிமுத்து. கதவைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் ஓட்டிப்போய் நிறுத்தி, இறங்கி வந்து, என் பக்கக் கதவை மறுபடி இழுத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போனபின் வாசற்கதவுக்கும் அதே வேலை. போய்த் திரும்பி வந்து பார்த்தார், பிறகு ஒருமுறை வந்தும் பார்த்தார்.

மதியம் கீரைப்பிட்டும் மீன்குழம்பும். மீன் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து வந்த, பெயர் தெரியாத வடகடல் மீன். குழம்பு மன்னார்க் குழம்பு. கருவாடு மட்டும் பொரிப்பதில்லையாம். ஒருமுறை பொரித்தபோது மேல்வீட்டுக்காரர், எங்கோ வயர் எரிகிறது என்று தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டாராம். சவிரிமுத்து இதைச் சொல்லிச் சிரித்தார். திரேசம்மாவும் சிரித்தார். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் லம்பேட்டின் படம், கமுக்கட்டுக்குள் ஒரு கால்பந்தோடு.

பஸ்ஸைப் பற்றி நான் கேட்காமலே திரேசம்மா சொன்னார். "இவர் ஓட்டுற ஒண்டிலையும் நான் ஏறுறேல்லை ஐயா. தம்பிக்குப் பிறகு ஏறினதில்லை. கோவம் ஒண்டும் இல்லை. கால் எடுக்குதில்லை."

"அவவாலை எனக்குப் பெற்றோல் மிச்சம்" என்றார் சவிரிமுத்து, மீன்முள்ளை எடுத்தபடி. அது வழக்கமான பகிடி என்பது அவர் மனைவி நிமிர்ந்து பாராததிலிருந்து தெரிந்தது. என் தட்டில் குழம்பு ஆறிப் படிந்தது.

*

மறுநாள் ரூடியின் முற்றத்துக்குப் போனோம். ரூடி, அமெரிக்கப் பழைய வண்டிகளும் அவற்றின் சாமான்களும் விற்கும் பருத்த மனிதர். பழைய இரும்பு குவிந்திருக்கும் முற்றம் ஒன்று இத்தனை சுத்தமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எண்ணெய் சிந்திய இடமெல்லாம் மரத்தூள். எங்கள் தொழிற்சாலைப் பட்டறையில் எண்ணெயின் மேல்தான் நடப்போம்.

ரூடி சுவிஸ் ஜெர்மனில் பேச, சவிரிமுத்து எனக்குத் தமிழில் சொன்னார். "முதல்லை வண்டிக்குக் கீழை பாருங்கோ எண்டுறான். சட்டம் நல்லா இருந்தும் சேசி உக்கியிருந்தா, கல்லறைக்குச் சந்தனம் பூசின மாதிரியாம். சந்தனம் நான் போட்டது. அவன் வேறை ஏதோ சொன்னவன்."

அந்த பிக்கப்புக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். பின்பெட்டி நீளம் குறைந்தது. அங்கேதான் முதல் சிக்கல். கொழுவியைப் பின்னச்சுக்குச் சற்று முன்னால் வைக்கவேண்டும். அப்போதுதான் பாரம் முன்சக்கரங்களைத் தூக்காது. ஆனால் பெட்டி குட்டையாக இருந்தால், இறுக்கமான வளைவில் ட்ரெயிலரின் மூக்கு சாரதியின் முதுகுக் கண்ணாடியை இடிக்கும். இந்த நாட்டு ஊர்களில் சந்தியெல்லாம் முழங்கை மடித்தாற்போல. ஆகவே அசையாமல் நிற்கும் கொழுவி சரிவராது; வளைவில் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடிய, சறுக்கும் ரகம் வேண்டும். இதைச் சொன்னபோது ரூடி தலையாட்டினார். எனக்கு வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் வந்தது. எத்தனையோ வருடமாக ஒருவரும் என்னிடம் தொழில் கேட்டதில்லை.

பெட்டியின் அடித்தகட்டில் குறுக்காகக் கிடந்து கொழுவியைத் தாங்கும் இரண்டு சட்டங்களையும் அதேபோல் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் சட்டங்கள் பளபளப்பாக இருந்தன. அவற்றுக்கு வண்டியின் அடிச்சட்டகமான சேசியில் புதிதாகத் துளை போட வேண்டும். கீழே குனிந்து பார்த்தேன். சேசியின் உட்பக்கத்தில் பிரேக் குழாய் ஓடியது. பழைய உரிமையாளர் எதையோ பூட்டிக் கழற்றிய துளைகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைச் சுற்றித் துரு. "இதுக்கு மேலை ஒரு துளையும் வேண்டாம்" என்றேன். அந்த மாதிரி வண்டிக்கென்றே செய்த சட்டங்கள், தாங்கிகளோடு, ரூடியிடம் இருந்தன. சேசியில் வண்டி செய்தவர்களே போட்ட துளைகளில் அவை உட்காரும். அவற்றையும் பின்னால் வைக்கத் தடித்த தகடுகளையும் எடுத்தோம்.

பிறகு கொழுவி. சறுக்கும் ரகத்தில் ரூடியிடம் ஒன்றே ஒன்று இருந்தது, பழையது. திருவிழாக்காரர் ஒருவர் பல வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. புதியது வேண்டுமென்றால் ஊஸ்டரில் இன்னொரு வியாபாரியிடம் கேட்டுப் பார்க்கலாம், இருக்கிறதோ தெரியாது என்றார். சோதிப்பதற்கென்று வைத்திருந்த ஒரு முளையைத் தாடைக்குள் விட்டுப் பூட்டினார். நான் முளையைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. என் கைக்கு அந்த ஆட்டம் தெரியும்.

"இது வேண்டாம்" என்றேன்.

"ஏன் ஐயா?"

"தாடை தேஞ்சு போச்சு."

சவிரிமுத்து தானும் ஆட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, நாடி பிடிப்பவர்போல. பிறகு சிரித்தார். "அண்டைக்கு எங்கட வண்டியிலை இருந்த ஆட்டமும் இவ்வளவுதான் ஐயா. நான் வந்து உங்களிட்டைச் சொன்னனான், நினைவிருக்கோ? விசாரணையிலை நீங்கள் விளங்கப்படுத்தினீங்கள், அந்த ஆட்டத்தாலை ஒண்டும் வராது, பூட்டியிருந்தா நிண்டிருக்கும் எண்டு. பிழை கொழுவியிலை இல்லை. பிழை என்ர. இப்ப நான் மூண்டு தரம் பாத்துத்தான் எடுப்பன். பிறகென்ன?"

ரூடி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பூட்டினது எனக்கு நினைவிலை இருந்தது ஐயா" என்றார் சவிரிமுத்து, கொழுவியைத் தடவியபடி. "கைப்பிடி 'டக்' எண்டு விழுந்த சத்தம்கூட. கன காலம் இருந்தது. பிறகு யோசிச்சன், படிச்ச மனிசன் கண்ணாலை கண்டு சொல்லுறார், எனக்கு என்ன நினைவு? அது முதல் நாள் பூட்டின சத்தமா இருக்கும்."

நாளைக்கு முடிவு சொல்கிறோம் என்று ரூடியிடம் சொல்லச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. என் பொய் அங்கே விசாரணை மண்டபத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது ஒரு தொழில்நுட்ப அறிவாக இந்த மனிதனுக்குள் உட்கார்ந்து, இன்னொரு தேய்ந்த தாடையை விலைபேசிக்கொண்டிருந்தது.

மாலையில் ஆரே ஆற்றின் மேலுள்ள பழைய மரப்பாலத்தில் நடந்தேன். பாலத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். நடுவில் நின்று, இரண்டு இளைஞர்கள் தடித்த சொசேஜை ரொட்டியோடு கடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பச்சையாகவும் வேகமாகவும் போயிற்று. நாளை காலை ஒரு சாக்குச் சொல்லி பாடனுக்குப் போய்விடலாம் என்று திட்டம் போட்டேன். சவிரிமுத்து பழைய கொழுவியை வாங்குவார். பத்து நாளோ பத்து மாதமோ, அது ஓடும். பிறகு ஒரு மலைச்சரிவில் ட்ரெயிலர் கழலும். பின்னால் யாராவது வருவார்கள். அப்போதும் அவர், தான் சரியாகப் பூட்டவில்லை என்றே நினைப்பார்.

*

மூன்றாம் நாள் காலை, ரூடி தன் கொட்டகையில் ஒரு மூலையைத் தந்தார். கொழுவி எதுவானாலும் சட்டங்களைப் பூட்டலாம். நானும் சவிரிமுத்துவும் பிக்கப்பின் அடியில் பலகை போட்டு அருகருகே மல்லாந்து படுத்தோம். மேலே சேசி, துருப்பொடி கண்ணில் விழுந்தது. அவர் போல்டை மேலே தள்ள, நான் தகட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. அந்த வசதி இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

"சவிரிமுத்து, நீர் அண்டைக்குப் பூட்டினனீர்."

ஸ்பனர் நின்றது.

"கைப்பிடி பூட்டித்தான் இருந்தது. நான் முதலிலை ஓடிவந்து பாத்தனான். தாடை தேஞ்சு, பூட்டின பூட்டோடை முளையை விட்டிட்டுது. கைப்பிடியை நான் இழுத்துத் திறந்து விட்டனான். நீர் வந்து சொல்லியும் நான் தாடை மாத்தேல்லை. அது வெளியிலை வந்தா எனக்கு இங்கிலாந்து இல்லை. அதுதான்."

அவர் ஸ்பனரைக் கீழே வைத்தார். பிறகு பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். எனக்கு அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. வேலைச் சப்பாத்து, ஒரு பக்க நாடா அவிழ்ந்திருந்தது. அந்தக் கால்கள் போயின, நின்றன, திரும்பி வந்தன. கையிலிருந்த தகட்டை விடாமல் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"வெளியிலை வாங்கோ" என்றார்.

வந்தேன். எழும்பக் கைகொடுக்கவில்லை, வண்டியைப் பிடித்து எழுந்தேன்.

"பெரிய வியாழன் வந்தா பாவசங்கீர்த்தனம் செய்யப் போவன்" என்றார். குரல் உயரவில்லை. "ஒவ்வொரு வருசமும் இதைத்தான் முதல்லை சொல்லுவன். அங்கையும் சொன்னன், இஞ்சை வந்தும் சொன்னன். இஞ்சத்தைச் சாமிக்கு விளங்கட்டும் எண்டு ஜேர்மன்லை சொல்லப் பழகினன். செய்யாத ஒண்டை. நீங்கள் எங்கை போய்ச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை."

"என்ர கையை நம்பாமல் உங்கட வாயை நம்பினன் பாருங்கோ. உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தினவன் நான். என்னை மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணாமல் காப்பாத்தினவர் எண்டு." அவர் கை உயர்ந்தது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் தன் நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டு எங்கையும் தாறன்" என்றேன். "அந்த விசாரணையை—"

"எங்கை ஐயா? அந்தத் தொழிற்சாலையே இப்ப இல்லை. சுத்திவர முள்ளுக்கம்பி. ஆருக்குக் குடுக்கப்போறீங்கள், ஆமிக்காரனுக்கோ?" பிறகு, "எனக்கு ஒண்டும் வேண்டாம். திரேசம்மாவுக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன். நான் சொன்னா, இவ்வளவு காலத்துக்குப் பிறகு நானே கட்டிக்கொண்டு வந்த கதை மாதிரி இருக்கும்" என்றார்.

*

அன்று மதியம் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும். நான் சாப்பிடத் தொடங்குவதற்கு முன்பே சொல்ல நினைத்தேன், திரேசம்மா பரிமாறிவிட்டார். சவிரிமுத்து மேசைக்கு வராமல் யன்னலோரம் நின்றார். நான் சொன்னேன். ஒன்றையும் மென்மையாக்கவில்லை. சொல்லும்போது திரேசம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று வைராக்கியம் வைத்திருந்தேன். அரைவாசியில் என் கண் தட்டுக்குப் போய்விட்டது.

அவர் அழவில்லை. "நீங்கள்தானே முதல்லை ஓடிப்போனது?" என்று கேட்டார்.

"ஓம்."

"தம்பிக்கு உயிர் இருந்ததோ?"

"கொஞ்சம் இருந்தது."

"ஏதும் சொன்னவனோ?"

"அத்தானைக் கூப்பிட்டவன்."

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, மனைவிக்கும் சொன்னதில்லை. அவன் அத்தானைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் கைப்பிடியை நோக்கிப் போனேன். அதையும் சொன்னேன்.

யன்னலோரத்தில் சவிரிமுத்து முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எழும்பப் போனேன்.

"இருங்கோ" என்றார் திரேசம்மா. "சோத்துக்கு முன்னாலை இருந்த ஆளை இந்த வீட்டிலை எழுப்புறேல்லை. சாப்பிட்டிட்டு எழும்புங்கோ."

சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து கடைசிப் பருக்கைவரை பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அதைவிட நீண்ட சாப்பாடு இல்லை.

பையைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவர் வாசலில் நின்றார். "எங்கை போறீங்கள்? கொழுவி எடுத்துத் தர வந்தனீங்களெல்லோ. சனிக்கிழமை கொழுவுறதைப் பாத்திட்டுப் போங்கோ."

*

அடுத்த நாள் சவிரிமுத்து என்னைக் கூட்டிப்போகவில்லை. ரூடியோடு ஊஸ்டருக்குப் போய், புதிய சறுக்குக் கொழுவியோடு மாலையில் வந்தார். கொண்டுவந்து என் முன்னால் நடைபாதையில் இறக்கினார். டோர்ச்சைக் கையில் தந்தார். தாடையைப் பார்த்தேன், உள்ளே கிரீஸ், கீறலில்லை. ரூடி கொடுத்தனுப்பிய சோதனை முளையை விட்டுப் பூட்டி ஆட்டினேன். ஆடவில்லை.

"நல்லது" என்றேன்.

"ரூடியும் நல்லதெண்டான்" என்றார். "சட்டங்களை எல்லாம் கழட்டி அவனைக் கொண்டு திருப்பிப் பூட்டுவிச்சனான். நீங்கள் எடுத்ததிலை பிழை ஒண்டும் இல்லையாம். ஆனா எனக்கு அவன் சொல்லவேணும்."

"செய்யத்தான் வேணும்" என்றேன். நான் 'நீங்கள் செய்யத்தான் வேணும்' என்று சொல்ல நினைத்தேன். அவரை வாழ்நாள் முழுவதும் நீர் என்றே அழைத்து வந்தவன். மரியாதை வாயில் வரத் தாமதித்தது.

வெள்ளிக்கிழமை வாகனப் பரிசோதனை. அங்கே அதை எம்.எஃப்.கா என்கிறார்கள்; சுவிஸ் தமிழருக்கு விசாவுக்கு அடுத்த பயம் அதுதான். பரிசோதகர் விளக்கோடு வண்டியின் கீழே போய், சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னார். சவிரிமுத்துவின் தோள் இறங்கியதிலிருந்து தேறிவிட்டது என்று புரிந்துகொண்டேன். அவர் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் கதைக்கவில்லை. கணவனும் மனைவியும் தங்களுக்குள் கதைத்ததையும் நான் கேட்கவில்லை. வெள்ளி மாலை சமையலறையில் ரோல்ஸ் பொரியும் சத்தத்துக்கு நடுவே ஒருமுறை திரேசம்மாவின் குரல் கேட்டது: "ஏன் நீர் ஒரு தரமாவது இல்லையெண்டு சொல்லேல்லை?" எண்ணெய் மட்டும் கொதித்தது.

சனிக்கிழமை காலை, கட்டடத்துக்குப் பின்னாலுள்ள தரிப்பிடத்தில் ட்ரெயிலர் நின்றது. வெள்ளையில் சிவப்புக் கோடு. உள்ளே ரோல்ஸும் வடையும் கட்லட்டும் தட்டுத் தட்டாக. சவிரிமுத்து பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்தார். முளை தாடைக்குள் போனது. இறங்கி வந்து தள்ளினார், 'டக்' என்று கைப்பிடி விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் ஒரு கணம் அப்படியே நின்றார்.

டோர்ச் அடித்து, தாடை முளையைச் சுற்றி மூடியிருப்பதைப் பார்த்தார். ட்ரெயிலரின் பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டியை முன்னால் இழுத்துப் பார்த்தார். முறைப்படி செய்யவேண்டியது அவ்வளவுதான். அவர் மறுபடி இறங்கி வருவார் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை.

திரேசம்மா படிகளில் வந்தார். கையில் பஸ் சீட்டு வைக்கும் சின்னப் பை, வழக்கத்தில் எடுத்திருப்பார். பிக்கப்பின் மறுபக்கக் கதவைத் திறந்தார். ஒரு கால் படியில் வைத்தபடி நின்றார். சவிரிமுத்து கை நீட்டவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். திரேசம்மா ஏறினார். உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார்.

நான் என் பையோடு வண்டியின் பக்கத்தில் நின்றேன். இருக்கையில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. அவர்கள் போகும் வழியில்தான் ரயில் நிலையம்.

திரேசம்மா கண்ணாடியை இறக்கினார்.

"ஸ்டேஷனுக்கு வழி தெரியும்தானே, ஐயா?"

"தெரியும்" என்றேன்.

வண்டி புறப்பட்டது. தேய்ந்த கொழுவி முதல் இழுப்பில் ஒரு அடி அடிக்கும். தொழிற்சாலை வாசலில் தினமும் கேட்டும் கேளாததுபோல் இருந்த சத்தம் அது. காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. ட்ரெயிலர் சந்தியில் திரும்பி மறைந்தது.